பத்து மார்க் ஹூக்கர்: சிக்கிம் நாட்குறிப்பு

முதல் நாள், டார்ஜிலிங்

“பெந்தம் – ஹூக்கர் வகைப்பாட்டை விவரி. பத்து மதிப்பெண்.” இந்தக் கேள்விக்கான விடையை இருபத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ப்ளஸ் டூ தாவரவியல். விதைத் தாவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் முறை அது. 202 குடும்பங்கள், 97,205 சிற்றினங்கள் என்று பிள்ளைகள் எண்களை ஒப்பிப்பார்கள். ஒரே ஒரு தடவை கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், பெந்தம் ஹூக்கர்ங்கிறது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான். நியாயமான கேள்வி அது என்று பின்னால்தான் உறைத்தது. நான் எந்த வருடமும் அந்த ஆளைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லையே.

ரெண்டு ஆள். அதில் ஒருவரான ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848 ஏப்ரல் 16 அன்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். இன்று மாலை நாங்கள் வந்தோம், பாக்டோக்ராவில் இறங்கி, ஜீப்பில், குமட்டலோடு. நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். அவர் இயற்பியல் வாத்தியார், போன வருடம் ஓய்வு பெற்றார். பூ, செடி என்றால் அவருக்கு எல்லாமே “பச்சையா ஒண்ணு”தான். மலை, குளிர், காற்றழுத்தம் என்றதும் கிளம்பிவிட்டார்.

ஹூக்கருக்கு அப்போது 30 வயது. இங்கிலாந்தில் சஃபக் பக்கத்து ஹேல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்து, கிளாஸ்கோவில் மருத்துவம் படித்து, 22 வயதில் எரிபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராக ஏறி, நாலு வருடம் அண்டார்டிக் கடலைச் சுற்றிவிட்டு வந்தவர். அப்பா வில்லியம் ஹூக்கர் லண்டனில் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர். பனிக்கடலைப் பார்த்தாகிவிட்டது, இனி வெப்ப நாட்டு மலை என்று மகன் கேட்க, அரசாங்கம் வருடத்துக்கு 400 பவுண்டு கொடுத்து அனுப்பியது. புதிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு எகிப்து வரை போன அதே கப்பலில் இவருக்கும் இடம் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய சிபாரிசு என்பது நாளைக்குத் தெரியும்.

வெளியே மூட்டம். எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

இரண்டாம் நாள், டார்ஜிலிங்

காலை ஐந்தே முக்காலுக்கு ஜன்னல் திரையை விலக்கினால், மேகத்துக்கு மேலே, ஆகாயம் என்று நான் நினைத்திருந்த உயரத்தில், கஞ்சன்ஜங்கா. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிமிடம். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் மூடிக்கொண்டது.

ஹூக்கருக்கு இந்தக் காட்சி தினமும் கிடைத்த வீடு பிரயன் ஹாட்சனுடையது. நேபாளத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டாக, அதாவது அரசவைத் தூதராக இருந்து பதவி போய், இங்கே மலைமேல் புத்தகங்களோடும் பறவைத் தோல்களோடும் தனியாக வாழ்ந்த மனிதர். வந்த விருந்தாளியைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். இன்னொரு நண்பர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல், ஊரின் சூப்பரிண்டெண்டெண்ட். 1841ல் தன் தோட்டத்தில் சோதனைக்காகத் தேயிலை நட்டவர். நேற்று இரவு நாங்கள் 180 ரூபாய்க்குக் குடித்த டீயின் ஆதிமூலம் அவர்தான்.

லாய்ட் தாவரவியல் பூங்காவில் இரண்டு மணி நேரம் இருந்தோம். 1878ல் தொடங்கியது. ஹூக்கர் காலத்துக்குப் பிந்தையது என்றாலும், எனக்கு வேண்டியது அந்தச் செடிகள்தானே. அவர் இங்கே வந்த முதல் வருடமே ஓக் மரத்தின்மேல் தொற்றி வளர்ந்த ஒரு ரோடோடென்ட்ரானைக் கண்டார். லில்லி போலப் பெரிய வெள்ளைப் பூ, நல்ல வாசனை. பெயர் வைத்தது ரோடோடென்ட்ரான் டல்ஹௌசியே, கவர்னர் ஜெனரலின் மனைவி பெயரில். கப்பல் டிக்கெட்டுக்குக் கொடுத்த ரசீது என்று வைத்துக்கொள்ளலாம். தங்க இடம் தந்தவருக்கு ஹாட்சோனி. காம்ப்பெல்லின் மனைவிக்கு காம்ப்பெல்லியே. இந்தப் பெயர்களைப் பட்டியலாகப் படித்தால் தாவரவியல் மாதிரி இருக்காது, கல்யாண மொய் நோட்டு மாதிரி இருக்கும்.

ரோடோடென்ட்ரான் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் காட்டுப் பூவரசு என்று சொல்கிறோமே, அந்தச் சிவப்புப் பூ மரம் இதே இனம்தான். ஆனால் நம் மலைகளில் அது ஒன்றே ஒன்று. இங்கே எத்தனை வகை என்று பார்த்து ஹூக்கர் திணறியிருக்கிறார். அவர் இமயத்தில் இருந்தபோதே, அனுப்பிய குறிப்பையும் படங்களையும் வைத்து அப்பா லண்டனில் 1849ல் சிக்கிம் ரோடோடென்ட்ரான் நூலின் முதல் பகுதியை வெளியிட்டுவிட்டார். வால்டர் ஃபிட்ச் வரைந்த அச்சுப்படங்களைப் பார்த்து ஆங்கிலேயத் தோட்டக்காரர்களுக்குப் பைத்தியமே பிடித்தது.

மூன்றாம் நாள், கேங்டாக்

நாள் முழுக்க ஜீப்பும் பெர்மிட்டும். வடக்கு சிக்கிமுக்குத் தனி அனுமதி வேண்டும். அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு. அவர் போட்டோவை வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். எம்.ஜி. மார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தோம். லாச்சென் போகவேண்டும் என்றுதான் என் ஆசை. அந்தப் பக்கம் ரோடு மூடியிருக்கிறது, லாச்சுங் மட்டும்தான் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

ராத்திரி துக்பா என்ற நூடுல்ஸ் சூப். அவருக்கு ரசம் சாதம் ஞாபகம் வந்துவிட்டது.

நான்காம் நாள், தும்லோங் வழியாக லாச்சுங்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

பொடோங் தாண்டி தும்லோங்கில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவருக்கு ஆச்சரியம், சுற்றுலாக்காரர்கள் அருவியில்தான் நிறுத்தச் சொல்வார்களாம். 1894 வரை சிக்கிமின் தலைநகரம் இது. இப்போது பாசி பிடித்த கல்சுவர்கள்தான். 1849 நவம்பரில் ஹூக்கரும் காம்ப்பெல்லும் கைதிகளாக இருந்த ஊர் இதுதான்.

கதை இப்படி. சிக்கிமுக்குள் பயணம் செய்ய ராஜாவின் அனுமதி வேண்டும். ராஜாவின் திவானுக்கு ஆங்கிலேயரைக் கண்டாலே ஆகாது. அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். கல்கத்தாவிலிருந்து அழுத்தம் வந்ததும் வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்கள். ஹூக்கர் மே மாதம் மழையில் கிளம்பினார். வழியெல்லாம் தடங்கல். லாச்சென் ஊர்த்தலைவர், அந்தப் பதவிக்குப் பிபோன் என்று பெயர், “இதோ இதுதான் எல்லை, இதுக்கு மேலே திபெத்து” என்று எல்லைக்கு வெகு முன்னாலேயே காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஹூக்கர் நகரவில்லை. கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உணவு வரும் பாதை மழையில் அறுந்து, கூடவந்தவர்கள் பசியில் கிடந்தார்கள். கடைசியில் ஜூலையில் கோங்ரா லாமா கணவாய் வரை போய்விட்டுத்தான் திரும்பினார். அக்டோபரில் காம்ப்பெல்லும் வந்து சேர, இருவரும் அதே கணவாய் வழியாக எல்லையைத் தாண்டித் திபெத்துக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி, டோங்கியா கணவாய் வழியாக இறங்கினார்கள்.

நவம்பர் 7. சோ லா கணவாய்க்குப் பக்கத்தில் திவானின் ஆட்கள் காம்ப்பெல்லைப் பிடித்து, அடித்து, மணிக்கட்டில் மூங்கிலைக் கட்டி முறுக்கினார்கள். ஹூக்கரை அடிக்கவில்லை. நண்பரை விட்டுப் போகமாட்டேன் என்று அவரும் கூடவே கைதியாக வந்தார். வரும் வழியில் என்ன செய்தார் தெரியுமா? ரோடோடென்ட்ரான் விதை சேகரித்தார். நவம்பர் விதை முற்றும் பருவமாச்சே! டிசம்பர் 24 அன்றுதான் இருவரும் டார்ஜிலிங் திரும்பினார்கள்.

அதற்குப் பதிலடியாக ஆங்கிலேயர் சிக்கிமின் சமவெளிப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். டார்ஜிலிங்குக்காக வருடாவருடம் ராஜாவுக்குக் கொடுத்துவந்த 6,000 ரூபாயும் நின்றது. நான் ஹூக்கர் கட்சிதான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்த இடிந்த சுவர்முன் நின்று யோசித்தால், நேற்று இரண்டு போட்டோவுக்காக ஒரு மணி நேரம் அலைந்த எனக்கு, திவான் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. இவர்கள் எல்லை தாண்டினால் திபெத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். திவானை ஹூக்கர் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியிருக்கிறார். திவான் பக்கத்துக் கதையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

படி இறங்கும்போது என் காலில் அட்டை. சாக்ஸுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு கடுகளவு. அவர் பதறிப்போய் உப்பு தேடினார். ஹூக்கர் தன் காலிலிருந்து ஒரே தடவையில் நூறு அட்டைக்கு மேல் எடுத்ததாக எழுதியிருக்கிறார். சாக்ஸுக்குள் மூக்குப்பொடியோ புகையிலையோ போடுவதுதான் சரியான மருந்து என்பது அவர் முடிவு. எங்கள் தாத்தா இருந்திருந்தால் பட்டணம் பொடி டப்பாவைத் திறந்திருப்பார்.

மங்கன் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. தீஸ்தா பள்ளத்தாக்கில் ரோடு என்று சொல்லமுடியாது, ரோடு இருந்த இடம். 2023 அக்டோபர் 4 அதிகாலை, மேலே தெற்கு லோனக் பனிஏரி உடைந்து இறங்கிய வெள்ளம், சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா மின்திட்டத்தின் அணையையே அடித்துக்கொண்டு போனது. லாச்சென் ஆறும் லாச்சுங் ஆறும் சேர்ந்து தீஸ்தா ஆகும் இடம் சுங்தாங். ஹூக்கர் முகாம் போட்டு, பூச்சியும் செடியும் பொறுக்கிய ஊர். கரை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, வண்டி அளவுப் பாறைகள். டிரைவர் வேகத்தைக் குறைத்து ஒரு வீட்டைக் காட்டினார். முதல் மாடி தரைமட்டத்தில் இருந்தது. கீழ்த்தளம் மண்ணுக்குள்ளே.

ஏழு மணிக்கு லாச்சுங். ஒரு வீட்டின் மாடி அறை. விறகு அடுப்பு எரிகிறது. வீட்டுப் பாட்டியிடம் இங்கே இப்பவும் பிபோன் உண்டா என்று கேட்டேன். அரைகுறை இந்திதான் என்னுடையது, அவருக்கும் அப்படியே. “ஏன் இல்லை? ஊர்க்கூட்டம் சேர்ந்து தேர்ந்தெடுப்போமே” என்றார். ஜும்சா என்கிறார்கள், நம் ஊர்ப் பஞ்சாயத்து போல. 175 வருடமாக அந்தப் பதவி அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் நாள், யும்தாங்

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். யும்தாங் சுமார் 3,560 மீட்டர் உயரம். போகும் வழியே ஷிங்பா ரோடோடென்ட்ரான் சரணாலயம், 43 சதுர கிலோமீட்டர்.

வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு நிமிடம் பேச வரவில்லை. சரிவு முழுக்க ரோடோடென்ட்ரான், சிவப்பு, ரோஜா, வெளிர்மஞ்சள், வெள்ளை. கீழே தரையில், ஆற்றோரப் புல்லில், விரலளவு உயரத்தில் ஊதா ப்ரிமுலா. மேலே எரிக்கேசி குடும்பம், கீழே ப்ரிமுலேசி குடும்பம். கரும்பலகையில் நான் போடும் படத்தில் இதழ்கள் இணைந்த பூக்களின் பிரிவான காமோபெட்டலேயின் கீழே மூன்று கிளை வரும்: இன்ஃபெரே, ஹெட்டிரோமீரே, பைகார்பெல்லேட்டே. நடுக்கிளை ஹெட்டிரோமீரேயின் கீழே முதல் வரிசை எரிக்கேல்ஸ், அடுத்து ப்ரிமுலேல்ஸ். “நடுவுல இருக்கிறதைத்தான் மறந்துடுவீங்க” என்று பிள்ளைகளை மிரட்டுவேன். அந்த நடுக்கிளை இங்கே ஒரு பள்ளத்தாக்கு அகலத்துக்குக் கிடந்தது. “ஏங்க, ஹெட்டிரோமீரே!” என்று கத்தினேன். “எங்கே?” என்று அவர் ஆற்றைப் பார்த்தார்.

சரணாலயத்தில் ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது. பார்க்கலாம். ஹாட்சோனியை அதன் பட்டையிலிருந்தே கண்டுபிடித்தேன். கொய்யாமரம் போல வழுவழுவென்று, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு. இலை முழங்கை நீளம், தோல் மாதிரி. அந்த இலையைத் தட்டாகவும், வெண்ணெயும் தயிரும் கட்டிக் கொடுக்கவும் மலைக்காரர்கள் பயன்படுத்தியதை ஹூக்கர் எழுதியிருக்கிறார். நமக்கு வாழையிலை, மந்தாரையிலை. இவர்களுக்கு இது. மரத்தில் கரண்டியும் கிண்ணமும் யாக் சேணமும் செய்வார்களாம்.

இன்னும் உயரத்தில் வைட்டியை என்ற மஞ்சள் பூ வகை இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து எனக்கு ஒரு சொந்த ஊர்ப் பாசம். நம் மதராஸ் மாகாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களைக் கொண்டு தென்னிந்தியச் செடிகளை வரைய வைத்த ராபர்ட் வைட்டுக்காக ஹூக்கர் வைத்த பெயர். கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் பெயரில் சிக்கிம் பனியோரத்தில் ஒரு செடி.

பத்தரைக்கு ஜீரோ பாயிண்ட். யுமேசம்தோங். ஹூக்கர் மோமே சம்தோங் என்று எழுதியது இந்த இடத்தைத்தான், 1849 செப்டம்பரில் இங்கே முகாமிட்டிருந்தார். இங்கிருந்து டோங்கியா மலைமேல் ஏறி 19,300 அடி வரை தொட்டார். அந்தக் காலத்தில் அவ்வளவு உயரம் ஏறியவர்கள் மிகக் குறைவு. நான் வாடகை ரப்பர் பூட்ஸில் முப்பது அடி நடந்து உட்கார்ந்துவிட்டேன். தலை கனத்தது. வரிசையாகக் கடைகள், மேகி, அவித்த கொண்டைக்கடலை, பிராந்தி.

இயற்பியலுக்கு நேரம் வந்தது. மேகி ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, பதிலை அவரே எனக்குச் சொன்னார். முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். இங்கே 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். “உன் ஆளு இதை வச்சுத்தான் உயரம் அளந்திருப்பார்” என்றார். உண்மைதான். பாரமானி மலைப்பயணத்தில் சுலபமாக உடையும். உடைந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டியதுதான். அப்படிப் பாடுபட்டு அவர் வரைந்த சிக்கிம் வரைபடம் பல்லாண்டு புழக்கத்தில் இருந்தது. அவர் வாயால் “உன் ஆளு” என்று வந்ததே எனக்குப் போதும்.

ஆறாம் நாள், லாச்சுங்

மழை. கீழே எங்கோ மண்சரிவு, ரோடு அடைப்பு. அறையிலேயே அடைந்து கிடக்கிறோம்.

காலையில் வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கும் மரத்தடியில் விழுந்துகிடந்த ஓர் இலையைப் பாட்டியிடம் கேட்டுவிட்டு எடுத்துவந்தேன். மேல்பக்கம் சுருக்கம் சுருக்கமாக, நரம்பு குழிந்து. கீழ்ப்பக்கம் துருநிறத்தில், கம்பளி மாதிரி. ரோடோடென்ட்ரான் ஃபால்கனேரி என்றுதான் நினைக்கிறேன். ஊரிலிருந்து புளியோதரைப் பொடியைச் சுற்றிக் கொண்டுவந்த தினத்தந்தியை விரித்து, நடுவில் வைத்து, மேலே சூட்கேஸை ஏற்றினேன்.

கல்லூரியில் படிக்கும்போது கொடைக்கானல் டூர் போய்விட்டு வந்து இருபது ஹெர்பேரியம் ஷீட், அதாவது செடியை உலர்த்தி ஒட்டிய தாள், கொடுக்கவேண்டும். தினமும் பேப்பர் மாற்றவேண்டும். சோம்பல்பட்டு இரண்டு நாள் விட்டால் பூஞ்சை. என் காட்டுப் பூவரசு அப்படித்தான் போனது. மேடம் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாக வைத்தார்கள்.

மதியம் பேப்பரைத் திறந்தால் சொதசொதவென்று இருந்தது. இலை நனைந்திருந்ததைவிடக் காகிதம் அதிகம் நனைந்திருந்தது. காற்றிலேயே தண்ணீர். ஓர் இலைக்கே இந்தக் கதி. ஹூக்கரின் வாழ்க்கையில் எந்தப் பகுதி கஷ்டமானது என்று கேட்டால், நேற்று வரை கைதானது என்றோ டோங்கியா என்றோ சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன், காகிதம். சாயங்காலம் கூடாரத்துக்கு வந்தபின்தான் அவருக்கு உண்மையான வேலையே. கூடாரம் என்றால், மரக்கிளையின்மேல் போட்ட போர்வை, அதோடு ஒட்டுப் போட்ட இன்னும் சில போர்வைகள். பாதி இடம் கட்டில். கட்டிலுக்கு அடியில் துணிப்பெட்டி, மேசைக்கு அடியில் புத்தகங்கள், இடிபடாத மூலையில் தொங்கும் பாரமானி. கண்ணாடிக்கூட்டுக்குள் ஒரு மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்தில் அன்றைய செடிகளைப் பிரித்து, எழுதி, அடுக்கி, முந்தாநாள் காகிதத்தைத் தீயில் காட்டி உலர்த்தி, திரும்பவும் அடுக்கி. நேபாளப் பயணத்தில் அவரோடு போனவர்கள் 56 பேர். காகிதக்கட்டு, அரிசி, கூடாரம் எல்லாம் அவர்கள் முதுகில். அதில் சிக்கிமின் பழங்குடிகளான லெப்சாக்களை ஹூக்கருக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தச் செடியைக் காட்டினாலும் அவர்களிடம் அதற்கு ஒரு பெயர் இருந்தது. மொய் நோட்டில் அவர்கள் பெயரைத் தேடினேன், இல்லை.

குறை சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 1850ல் இன்றைய மேகாலயாவிலுள்ள காசி மலைக்குப் போனபோது நீல வாண்டா ஆர்க்கிடை ஏழு ஆள் சுமை அளவுக்குப் பிடுங்கினார்கள், கியூ தோட்டத்துக்காக. இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது சொற்பம். மறைக்காமல் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

நாலு மணிக்குப் பாட்டி டீ கொண்டுவந்தார். நான் ஈரக்காகிதத்தை விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இலையை வாங்கிப்போய், அடுப்புக்கு மேலே யாக் பாலாடைக்கட்டி காயும் மூங்கில் தட்டில் வைத்தார். காகிதத்தை அடுப்புச் சுவரோரம் கொடியில் போட்டார், துணி காயப்போடுவது போல. புகை வாசனையோடு தினத்தந்தி முழுக்க மொறுமொறுவென்று ஆகிவிட்டது. ஒரு ராசிபலன் ஓரம் மட்டும் கருகிப்போச்சு. வீட்டுக்காரருடைய ராசி. அதை அவரிடம் காட்டவில்லை.

ஏழாம் நாள், சிலிகுரி

அதிகாலை ரோடு திறந்தது. பத்து மணி நேரம் வண்டி. வழியில் எதையும் பார்க்கத் தெம்பில்லை.

ஹூக்கர் ஊர் திரும்பியபோது 33 வயது. அதற்கப்புறம் பயணம் குறைந்து மேசை வேலை கூடியது. அப்பாவுக்குப் பின் 1865லிருந்து 20 வருடம் கியூவின் இயக்குநர். பெந்தமோடு சேர்ந்து, நான் பாடம் நடத்திய ‘ஜெனெரா பிளாண்டாரம்’, 1862 தொடங்கி 1883ல் முடிந்தது. இந்தியத் தாவரங்களுக்கான ஏழு தொகுதி நூல் 1897 வரை இழுத்தது, முடிக்கும்போது அவருக்கு 80 வயது. 1911ல், 94 வயதில் இறந்தார். நண்பர் டார்வின் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தருகிறோம் என்றார்கள். மனைவி வேண்டாமென்று சொல்லி, கியூவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் சூட்கேஸைத் திறந்தேன். இலை கொஞ்சம் சுருண்டிருக்கிறது, கம்பளி நிறம் அப்படியே இருக்கிறது. தினத்தந்தி தீர்ந்துவிட்டது. அவர் கீழே போய் ஒரு வங்காளப் பேப்பர் வாங்கிவந்து, சட்டையைக்கூட மாற்றாமல், கட்டிலில் விரித்துக்கொண்டு கேட்டார்: “எந்தப் பக்கம் மேல வரணும் டீச்சர், பச்சையா, பிரவுனா?”